செம்மறியாட்டு வளர்ச்சிப் பண்புகளும் மரபியலின் தோற்றமும்

முன்னுரை

மரபியலின் வரலாறு கிரிகோர் மெண்டலின் பட்டாணித் தோட்டத்தில் தொடங்குவதாகவே பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயினும் பண்புகள் எவ்வாறு வழிவழியாக வருகின்றன என்னும் வினா, அதற்கு முன்னரே ஆட்டுப்பட்டிகளில் எழுந்துவிட்டது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேக்வெல்லின் தெரிவுமுறை

இங்கிலாந்தின் லெஸ்டர்சயரில் டிஷ்லி பண்ணையை நடத்திய ராபர்ட் பேக்வெல் (1725–1795), சிறுத்த எலும்பு, மிகுந்த இறைச்சி, விரைந்து கொழுக்கும் தன்மை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு ஆடுகளைத் தெரிவுசெய்தார். நெருங்கிய உறவுடையவற்றை இணைசேர்த்து அப்பண்புகளை நிலைபெறச் செய்தார். கிடாக்களைப் பருவத்திற்கு வாடகைக்கு விட்டமையால், அவற்றின் குட்டிகள் வெவ்வேறு மந்தைகளில் வளரும் முறையை ஒப்பிடவும் அவருக்கு இயன்றது.

மொராவிய விவாதம்

இம்முறை மொராவியாவிலும் வேரூன்றியது. அங்கு ஃபெர்டினாண்ட் கைஸ்லர்ன் 'மொராவியாவின் பேக்வெல்' என அழைக்கப்பட்டார். 1814இல் பிர்னோ நகரில் செம்மறியாடு வளர்ப்போர் சங்கம் நிறுவப்பட்டது. உறவினச் சேர்க்கை மந்தையை நலிவிக்குமா என்பது அவர்களிடையே பெரும் விவாதமாயிற்று. ஹங்கேரியப் பிரபு இம்ரே ஃபெஷ்டெடிச் 1819இல் தம் பட்டறிவை 'மரபியல் விதிகள்' எனத் தொகுத்தளித்தார். பெற்றோரிடம் காணப்படாத முன்னோர் பண்பு பின்தலைமுறையில் மீண்டும் தோன்றலாம் என்பது அவற்றுள் ஒன்று. உறவினச் சேர்க்கைக்குக் கண்டிப்பான தெரிவு முன்நிபந்தனை என்பது மற்றொன்று. வில்லியம் பேட்சன் 1905இல் 'மரபியல்' என்பதைத் துறைப்பெயராக முன்மொழிவதற்கு 86 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

1837இல் இவ்வளர்ப்போர் கூட்டத்தில், எது மரபாக வருகிறது, எவ்வாறு வருகிறது என்பதே உண்மையான வினா என மடாதிபதி சிரில் நாப் வலியுறுத்தினார். 1843இல் மெண்டல் இணைந்தது அவருடைய மடத்திலேயே.

மூலக்கூறுச் சான்று

டெக்சல் இன ஆடுகளின் மிகைத்தசைக்கான காரணம் 2006இல் வெளியிடப்பட்டது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியமையால், நுண் ஆர்.என்.ஏ.க்கள் பற்றும் இடம் அதன் தூதுவ ஆர்.என்.ஏ.வில் உருவாகி, அப்புரதத்தின் அளவு குறைகிறது, தசை பெருக்கிறது. வளர்ப்போர் கண்ணால் கண்டு தெரிந்தெடுத்தது இத்தகைய வேறுபாட்டையே.

முடிவுரை

தெரிவு, வேறுபாட்டைப் படைப்பதில்லை. மந்தையில் ஏற்கெனவே இருப்பதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வளர்ச்சி ஒன்றையே நோக்கி உறவினச் சேர்க்கையைத் தொடர்ந்தால் அவ்விருப்பு சுருங்கும். ஆகவே ஃபெஷ்டெடிச்சின் எச்சரிக்கை வரலாற்றுச் செய்தி மட்டுமன்று. இன்றைய இனமேம்பாட்டுத் திட்டங்களுக்கும் பொருந்தும் நெறியாகும்.