நோக்கியா ட்யூன் போட்டவர் ஏன் நகத்தை வெட்டினார்?

இன்னைக்கு எபிசோடை ஒரு ரிங்டோன்ல இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம அப்பா, சித்தப்பா எல்லாரும் வெச்சிருந்த நோக்கியா போன் ட்யூன் ஞாபகம் இருக்கா? அது ஏதோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர்ல போட்ட இசை இல்லை. ஃபிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பானிஷ் கிட்டார் கலைஞர் 1902ல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற துண்டில் வரும் சில நொடிகள்தான் அது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் இந்த மனுஷன் இன்னொரு காரியமும் பண்ணார். அதுவரைக்கும் வாசிக்கப் பயன்படுத்திய வலது கை நகங்களை ஒட்ட வெட்டிட்டார். வெறும் சதையால வாசிக்க ஆரம்பிச்சார்.

இதுல என்னப்பா இருக்கு, நகம் வெட்டுறதெல்லாம் ஒரு எபிசோடான்னு கேக்காதீங்க. கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் ஏழு வருஷமா கிளாசிக்கல் கிட்டார் கத்துக்கிட்டிருக்கேன். போன மாசம் ஆபீஸ் லிஃப்ட்ல பையை இழுக்கும்போது மோதிர விரல் நகம் பாதியில் உடைஞ்சுது. நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அப்போ கணக்கு போட்டுக்கோங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். கிளாசிக்கல் கிட்டார்ல இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், இல்லைன்னா தந்தியை ஒழுங்கா அழுத்த முடியாது. வலது கையில் நகம் வேணும். உள்ளங்கையைப் பார்த்தபடி விரலை கண்ணுக்கு நேரா நிமிர்த்திப் பிடிச்சா, விரல் நுனிக்கு மேல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கணும். அதிகமானா தந்தியில் மாட்டும், கம்மியானா தந்தியே தெரியாது. அப்புறம் அரம், பட்டுப் போல தேய்க்கிற மெல்லிய உப்புத்தாள். ஒரு கையில நகம் இருந்து இன்னொரு கையில இல்லாததைப் பார்த்து எங்க டீம்ல ஒருத்தர் ரொம்ப நாள் ஏதோ வேண்டுதல்னு நினைச்சிருந்தார். உடைஞ்சா டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி, சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுறவங்களும் உண்டு. நானும் ஒட்டினேன். ஸ்டாண்ட்அப் மீட்டிங் நடுவுல கழன்று கீபோர்டு மேல விழுந்துது.

சரி, கதைக்கு வருவோம். இந்த நகமா சதையாங்கிற சண்டை தாரெகாவுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. 1623ல் இத்தாலியில் பிச்சினினி என்ற லூட் கலைஞர் நகத்தால் வாசிக்கச் சொல்லி எழுதினார். 1676ல் இங்கிலாந்தில் தாமஸ் மேஸ், நகமே கூடாதுன்னு எழுதினார். ரெண்டு பேரும் லூட் வாசிச்சவங்க. ரெண்டு பேரும் தன் பக்கம்தான் அழகான ஒலின்னு நம்பினவங்க.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது பாரிஸ்ல. ஃபெர்னாண்டோ சோர், பார்சிலோனாக்காரர். 1830ல் கிட்டாருக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினார். அதில் நகத்தை விளாசறார். நகத்தால் வாசிக்கிறவர்கள் மெதுவா வாசிச்சா பாட்டு வராது, சத்தமா வாசிச்சா முழுமை வராது, ஒலியில் ஏற்ற இறக்கமே இல்லைங்கிறது அவர் புகார். பியானோ பக்கத்துல ஹார்ப்ஸிகார்டு எப்படியோ, தன் வாசிப்புப் பக்கத்துல நக வாசிப்பு அப்படின்னு ஒப்பிடறார். ஆனா ஒரே ஒருத்தருக்கு விதிவிலக்கு கொடுக்கறார். அவர் பெயர் டியோனிசியோ அகுவாதோ.

அகுவாதோ மாட்ரிட்காரர், நகத்தால் வாசிப்பவர். பாரிஸ்ல ரெண்டு பேரும் ஒரே கட்டடத்தில் தங்கியிருந்தாங்க, நண்பர்கள். முதல்ல விரல் நுனிச் சதை தந்தியைத் தொடும், அங்கிருந்து தந்தி நகத்துக்கு வழுக்கிப் போகும், இதுதான் அவர் முறை. திரும்பவும் முதல்ல இருந்து கத்துக்கிற வாய்ப்பு கிடைச்சா நகம் இல்லாமல்தான் வாசிப்பேன்னு அகுவாதோ தன்கிட்ட ஒத்துக்கிட்டதா சோர் எழுதறார். இதை நம்பலாமான்னு எனக்குச் சந்தேகம், நண்பன் பெயரைச் சொல்லி வாதத்தில் ஜெயிக்கிறது பழைய டெக்னிக். ஆனா 1843ல் வந்த தன் புத்தகத்துல அகுவாதோவே ஒண்ணு சொல்றார். முன்னாடி கட்டைவிரலுக்கும் நகம் வெச்சிருந்தாராம். சோர் வாசிப்பைக் கேட்ட பிறகு கட்டைவிரல் நகத்தை விட்டுட்டாராம், அதுல ரொம்ப சந்தோஷமாம். மத்த விரல்ல நகம் தொடர்ந்தது. அப்போ சோர் முழுசா ஜெயிக்கலை. ஒரு விரல் அளவுக்கு ஜெயிச்சார்.

சோர் ரெண்டு கிட்டாருக்கு ஒரு துண்டு எழுதினார், 'இரண்டு நண்பர்கள்'னு பெயர், ஓபஸ் 41. அதுல ஒரு பகுதி மேல சோர்னும், இன்னொன்று மேல அகுவாதோன்னும் எழுதியிருக்கு. பாதி நகம், பாதி சதை, ஒரே பாட்டு. இந்தச் சண்டையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

இப்போ இதைவிடப் பெரிய கதை ஒண்ணு. 1792 ஜூலை, அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரம். பழைய ஐரிஷ் யாழ் கலை அழிஞ்சு போகுதுன்னு சிலர் சேர்ந்து யாழ்க்காரர்களைக் கூப்பிட்டு ஒரு விழா நடத்தினாங்க. அயர்லாந்து முழுக்கத் தேடி வந்தவங்க பத்து பேர். பெரும்பாலும் கண் தெரியாதவர்கள். இசையைக் குறித்து வைக்க எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயசு சர்ச் ஆர்கன் வாசிப்பவரை வேலைக்கு வெச்சாங்க. நம்ம வயசைவிடச் சின்னப் பையன்.

அந்தப் பத்து பேரில் டெனிஸ் ஹெம்ப்சனுக்கு, பன்டிங் கணக்குப்படி 97 வயசு. சின்ன வயசுலயே அம்மை வந்து கண் போனவர். பழைய ஐரிஷ் யாழுக்கு பித்தளைத் தந்தி. அதை நீளமா வளைஞ்ச நகங்களால் வாசிப்பாங்க. வந்திருந்தவர்களில் அப்படி வாசித்தவர் இவர் ஒருத்தர்தான். மற்ற எல்லாரும் விரல் நுனிக்கு மாறிட்டாங்க. பித்தளைத் தந்தியை நகத்தால் தட்டினா மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், அடுத்த சுரம் வரும்போது முந்தையதை விரலால் அடக்கணும். அந்த விரல் வேலை தான் கலையின் பாதி.

பன்டிங் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டார், ரொம்பப் பழைய மெட்டுகள் வாசிங்கன்னு. ஹெம்ப்சன் மறுத்தார். அவை கத்துக்கவே கஷ்டமானவை, வாசிச்சா வேதனையான நினைவுகள் வரும்ன்னு சொன்னதா பன்டிங் பதிவு பண்ணியிருக்கார். எனக்கு இந்த இடத்துல எப்பவும் நின்னு போகும். அந்தக் கிழவர் பக்கத்துல உட்கார்ந்து பையன் பேனாவோட காத்திருக்கான். ஒலி ஒண்ணு, எழுதுறது வேற. பன்டிங் வெளியிட்டது பியானோவுக்கான தொகுதிகள். மெட்டு வந்தது. நகம் வரலை. கொஞ்சம் விரல் முறைகளை அவர் 1840ல் வெளியிட்ட கடைசித் தொகுதியில் எழுதினார், ஆனால் ஹெம்ப்சன் 1807லேயே போயிட்டார். இடையில் 33 வருஷம். 1970கள்ல அமெரிக்காவில் ஆன் ஹேமன் மாதிரி சிலர் அந்தத் துண்டுக் குறிப்புகளை வெச்சு, நகம் வளர்த்து, திரும்பவும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாழையடி வாழையா வராம அறுந்து போன வித்தையை, படிச்சுப் படிச்சு மீட்கறது எவ்வளவு சிரமம்னு யோசிச்சுப் பாருங்க.

தாரெகாவுக்கு வருவோம். அவர் ஏன் வெட்டினார்ங்கிறதுக்கு விதவிதமா காரணம் சொல்றாங்க, நான் ஒண்ணையும் தேர்ந்தெடுக்கப் போறதில்லை. ஆனா அவருடைய மாணவர்கள் இரண்டாகப் பிரிந்ததுதான் சுவாரசியம். எமிலியோ பூஹோல் குரு வழியில் கடைசி வரை நகமில்லாமல் வாசித்தார், இந்தப் பிரச்னையைப் பற்றித் தனியா ஒரு புத்தகமே எழுதினார், தலைப்பிலேயே 'தர்மசங்கடம்'ங்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை இருக்கு. இன்னொரு மாணவர் மிகேல் யோபெத் நகத்தை விடலை.

முடிவை எழுதியது வாதம் இல்லை, தந்திதான்னு நான் நினைக்கிறேன். இவங்க எல்லாரும் வாசித்த மெல்லிய தந்திகள் குடல் தந்திகள், ஆட்டுக்குடலில் செய்தவை. அது கொஞ்சம் சொரசொரப்பானது. விரல் சதை அதைப் பிடிக்கும், கூர்மையான நகம் அதைக் கிழிக்கும். இரண்டாம் உலகப் போர் வந்தது. அறுவை சிகிச்சைக்குத் தையல் போடவும் குடல் இழைதான், அதனால் கிட்டாருக்குத் தட்டுப்பாடு. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற டேனிஷ் வாத்தியக் கைவினைஞர், டூபான்ட் கம்பெனி 1938ல் அறிவித்த நைலானை கிட்டார் தந்தியாக்க முயன்றார். ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று மேடைக்குக் கொண்டு போனார். செகோவியா மைக் வைக்க மறுத்தவர், பெரிய அரங்கத்துல கடைசி வரிசைக்கும் கேக்கணும். நைலான் வழுவழுன்னு இருக்கும், அதுல வெறும் சதை ஒலி மந்தமா போயிடும். நகமும் சதையும் சேர்ந்த ஒலி, அதாவது அகுவாதோ சொன்ன முறை, நைலான்ல தெளிவா வரும். அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை. நான் நகம் வளர்க்கிறதுக்குப் பின்னாடி ஒரு போரும் ஒரு கெமிக்கல் கம்பெனியும் இருக்குன்னு ஏழு வருஷமா எனக்குத் தெரியாது.

இது கிட்டாருக்கு மட்டும் இல்லை. சீனாவின் பிபா வாத்தியத்துல பட்டுத் தந்தி போய் எஃகு வந்ததும் சொந்த நகம் தாங்கலை, செயற்கை நகம் ஒட்டிக்கிட்டு வாசிக்கறாங்க. சரோட்ல கதை தலைகீழ். அங்க இடது கை நகம்தான் தந்தியை அழுத்தும், அம்ஜத் அலி கான் வாசிக்கும்போது கவனிச்சுப் பாருங்க. நம்ம வீணையில் பலர் விரலில் கம்பி மாட்டித்தான் மீட்டுவாங்க. வீணை தனம்மாள் கம்பி மாட்டாமல் விரலாலேயே வாசிச்சவங்க. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வாசிப்பைக் கேக்க வர்றவங்க மூச்சுச் சத்தம்கூட வராம உட்கார்ந்திருப்பாங்கன்னு சொல்லுவாங்க, ஒலி அவ்வளவு மெல்லிசு.

வெள்ளிக்கிழமைன்னதும் எங்க பாட்டி ஞாபகம். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினா அவங்களுக்குக் கோபம் வரும். நகம் உடைஞ்ச அன்னைக்கு வெள்ளிக்கிழமை. மிச்ச மூணு நகமும் தனியா நீட்டிக்கிட்டு நிக்க, ஒலி ஒரு சுரம் தகரம், ஒரு சுரம் பஞ்சுன்னு வந்துது. பாட்டி தூங்கினதும் எல்லாத்தையும் ஒட்ட வெட்டிட்டேன்.

அதுக்கப்புறம் மூணு வாரமா சதையால வாசிக்கிறேன். வாசிக்கிறது சோருடைய எட்யூட் ஒண்ணு, அவருக்குப் பிடிச்ச மாதிரியே. முதல் வாரம் ஏதோ காதுல பஞ்சு அடைச்ச மாதிரி இருந்தது. இப்போ கீழ்த் தந்திகள்ல ஒரு கனம் வருது, நகத்தோட வாசிச்சப்ப எனக்கு வரவே இல்லாத கனம். ட்ரெமலோ மட்டும் வரலை. நகம் 2 மில்லிமீட்டர் வந்திருக்கு, அரம் மேஜை மேலதான் இருக்கு, இன்னும் தொடலை. வர்ற ஞாயிறு இதே எட்யூடை ரெண்டு விதமாவும் ரெக்கார்ட் பண்ணி எபிசோடு கடைசியில போடறேன், எது எதுன்னு சொல்ல மாட்டேன். கேட்டுட்டு எழுதுங்க.