தடையின் விலை: மாமல்லபுரக் கரையில் நிலமும் உரிமையும்

மாமல்லபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இன்று அதே ஊரில் மனை வாங்குவது ஏறத்தாழ இயலாத காரியம். இந்த நிலைக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் இருக்கின்றன. சுற்றுலா பெருகியது, தேவை கூடியது, விலை ஏறியது என்பது முதலாவது. அதைச் சொல்பவர்கள் இன்னும் நிறையக் கட்டினால் விலை தணியும் என்பார்கள். கடலோர விதிகளை மீறிக் கட்டியதால் கரை கெட்டது என்பது மற்றொன்று. அதைச் சொல்பவர்கள் விதியை இறுக்கினால் போதும் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் ஒரு கேள்வியை விட்டுவிடுகின்றன. கரையில் யாருக்குப் பத்திரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே அக்கேள்வி. மாமல்லபுரத்து விலையேற்றத்தைப் பெரிதும் உண்டாக்கியது உரிமைப் பத்திரங்கள் பங்கிடப்பட்ட முறைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். தடைச் சட்டங்கள் பட்டா உள்ள நிலத்தின் அருமையைக் கூட்டின. பட்டா இல்லாத கரைநிலத்தைக் கேட்பாரற்று விட்டன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவ்வூரில் வாழ்ந்தவர்கள் சுமார் 15,000 பேர். பெருந்தொற்றுக்குப் பிறகான 2021-22ஆம் ஆண்டில், கட்டணம் பெறும் மத்தியத் தொல்லியல் சின்னங்களுக்குள் மிகுதியான வெளிநாட்டவர் வந்துபோன இடம் மாமல்லபுரம்: 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு அவ்வாண்டு வந்த வெளிநாட்டவர் 38,922 பேர். உள்நாட்டுப் பயணிகளோ இதைவிடப் பன்மடங்கு. இவர்கள் தரும் நுழைவுக் கட்டணம் மத்திய அரசுக்குப் போகிறது. குப்பை, கழிவுநீர், வாகன நெரிசல் ஆகியவை உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் விழுகின்றன.

விலையின் வரலாறு சாலையிலிருந்து தொடங்குகிறது. திருவான்மியூரைத் தாண்டினால் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் மணல்மேடுமாக இருந்த நிலம் இது. 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் அமைந்தபோது கலைஞர்கள் கூடிப் பணம் போட்டு நிலம் வாங்கக்கூடிய விலையில் இக்கரை இருந்தது. 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையாக மாறிய பிறகு சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஒரு மணி நேரத் தொலைவாகச் சுருங்கியது. ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட நிலம் கிரவுண்டு கணக்கிலும் பிறகு சென்ட் கணக்கிலும் பேசப்படலாயிற்று. தெற்கே புதுச்சேரி வரையிலான பகுதி இப்போது நான்குவழி தேசிய நெடுஞ்சாலையாகிவருகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது 2022இல். ஒவ்வோர் அறிவிப்பும் நிலம் வைத்திருந்தவருக்கு உழைக்காமல் கிடைத்த வருமானம். வாடகைக்கு இருந்தவருக்கோ கூடுதல் சுமை.

ஆயினும் சாலையால் மட்டும் இவ்விலையை விளக்கிவிட முடியாது. மாமல்லபுரத்தின் தனித்தன்மை அங்கே இரண்டு தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது. முதலாவது தொல்லியல் தடை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தை அறவே தடுக்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தனியாக நிற்கும் ஒரு கோயிலுக்கு இது பொருத்தமான விதி. மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன: கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, குன்றின் மேலும் கீழுமாகக் குடைவரைகள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டால் ஊரின் பழைய குடியிருப்பில் பெரும்பகுதி அந்த வட்டங்களுக்குள் வந்துவிடுகிறது. ஓட்டைப் பிரித்து மாற்றவும் மகனுக்குத் திருமணமானால் ஓர் அறை எடுக்கவும் அனுமதிக்காக அலையும் நிலை ஏற்பட்டது.

இரண்டாவது கடலோரத் தடை. 1991 பிப்ரவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையின் உயர்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஊரகக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்றது. பழைய மீனவக் கிராமங்களின் மரபுரிமையை அது குறிப்பிட்டது உண்மை. ஆனால் அதே அறிவிக்கை 200 முதல் 500 மீட்டர் வரையிலான வெற்று மனையில், மத்திய அமைச்சகத்தின் முன் அனுமதியோடு கடற்கரை விடுதி கட்டவும் வழி செய்தது. பிறகு இருபது தடவைக்கு மேல் திருத்தப்பட்டு, 2011இல் புதிதாக எழுதப்பட்டு, 2019இல் மறுபடியும் எழுதப்பட்டது.

கட்டத் தடையுள்ள கரைக்கு நேர் பின்னால் இருக்கும், கட்ட அனுமதியுள்ள பட்டா நிலத்துக்கு என்ன நேரும்? அதன் முன்னால் இனி எவரும் கட்டி மறைக்க மாட்டார்கள் என்ற உறுதி சேரும். கடல் பார்க்கும் அறைக்கு வாடகை கூடும். அனுமதி வாங்கிக் கட்டும் முதலும் வழக்கறிஞரும் ஆலோசகரும் உள்ளவருக்குத் தடை ஒரு வேலி ஆகிறது. அந்த வேலிக்கு அவர் செலவு செய்ய வேண்டியதில்லை. அதே தடை, வேலிக்கு உள்ளே அகப்பட்ட குப்பத்துக்காரருக்குக் கூரையை உயர்த்தவும் விடாத சுவராக நிற்கிறது. இயற்கையைக் காக்க வந்த விதி இப்படி ஒரு தரப்புக்குச் சொத்தாக மாறுவதை நம் கடலோரச் சூழலியல் எழுத்துகள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

2004 சுனாமிக்குப் பின் இந்த வேறுபாடு எழுத்திலேயே வந்தது. 2005 மார்ச் 30ஆம் தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு ஒரு தெரிவை முன்வைத்தது. உள்ளே தள்ளிக் குடியேறச் சம்மதித்தால் ஒன்றரை இலட்ச ரூபாய் மதிப்புள்ள வீடு கிடைக்கும். கரையில் இருந்த பழைய இடத்தை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக விரும்பாதவர்கள் தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. உயிர்காப்பு நோக்கில் இதில் குறை காண முடியாது. ஆனால் வீடும் வலையும் ஒருசேரப் போன ஒரு குடும்பத்தின் முன் இத்தெரிவை வைத்தால் அது சுதந்திரமான தெரிவாக இருக்குமா? படகு கரையில் நிற்க, வீடு சாலைக்கு அப்பால் போனால் அதிகாலையில் கடலுக்குப் போகிறவருக்கும், வரும் மீனைக் கரையிலேயே எடுத்து விற்கும் பெண்ணுக்கும் தொழிலின் செலவு கூடும். கரையோர விடுதிகளிடம் இப்படி இடத்தை ஒப்படைக்கச் சொல்லும் ஆணை எதுவும் அப்போது வரவில்லை.

இன்னொரு நிலவகை இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். படகை இழுத்து ஏற்றும் மணல், வலை பிரித்துப் பின்னும் நிழல், கருவாடு காயவைக்கும் களம், கரைவலை இழுக்க இருபுறமும் ஆட்கள் நிற்கும் நீளம், பண்டிகையும் பஞ்சாயத்தும் கூடும் இடம் ஆகிய இவையெல்லாம் வருவாய்ப் பதிவேட்டில் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. எவர் எங்கே படகு விடுவது, எந்தக் காலத்தில் எந்த வலை என்பதை ஊர்ப் பஞ்சாயத்து தலைமுறைகளாக நிர்வகித்து வந்திருக்கிறது. இந்த நிர்வாகத்துக்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் அதற்கு விலை இல்லை. விலை இல்லாததால் அது இழக்கப்படும்போது இழப்பீடும் இல்லை. விடுதியின் சுற்றுச்சுவர் நாலடி முன்னே வந்தால், அலைதடுப்புக் கல் கொட்டி மணல் அரித்துப் போனால், பூங்காவும் வாகன நிறுத்தமும் அமைந்தால், ஊர்க்காரர்கள் இழந்தது இன்னதென்று எந்தக் கோப்பும் சொல்லாது. 2011 அறிவிக்கை கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர்களின் பொதுவிடங்களைக் குறிக்கச் சொன்னது. 2019 அறிவிக்கைக்கான வரைவுத் திட்டத்தின்மேல் 2023இல் தமிழ்நாட்டில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மீனவர் அமைப்புகள் சொன்ன தலையாய குறை, தங்கள் ஊர்களும் பொதுவிடங்களும் நீண்டகால வீட்டுத் திட்டமும் அதில் முறையாக இடம்பெறவில்லை என்பதே.

2019 விதியின் ஓர் உட்பிரிவைக் கவனிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரையில் கட்டுமானமற்ற பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கரையில் நெருக்கமாக வாழ்பவர்கள் மீனவர்கள். அவர்களுடைய நெருக்கமே, கட்டடக் கோடு கடலை நோக்கி நகர்வதற்கான தகுதியாயிற்று. அந்தத் தளர்வில் முதலில் கட்டப்போகிறவர் முதலும் பட்டாவும் உள்ளவர்.

கடலுக்கு அப்பால் ஓர் ஊரை இங்கே நினைக்கலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ், மத்தி போன்ற ஒருவகைச் சிறுமீனால் வாழ்ந்து, பின் ஓவியர்களால் பெயர்பெற்று, கடைசியில் விடுமுறை வீடுகளால் நிரம்பிய சிற்றூர். 2016 மே மாத வாக்கெடுப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளோடு, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாக வாழ்பவர்களுக்கே என்ற விதியை அவ்வூரார் ஏற்றார்கள். நீதிமன்றமும் அவ்விதியை நிலைநிறுத்தியது. ஆனால் விதி புது வீட்டை மட்டுமே தொட்டது. விடுமுறை வீடு தேடியவர்கள் பழைய வீடுகளின் பக்கம் திரும்பினார்கள். புதுக் கட்டுமானம் தளர்ந்தது. ஒரு தடை எதைத் தொடாமல் விடுகிறதோ அதன்மேல் விலை போய் உட்காரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் அவ்வூரார் கேட்ட கேள்வி சரியானது: இந்த வீடு யார் வாழ்வதற்கு? நம் விதிகளில் அக்கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. உயரம், பரப்பு, தூரம் ஆகியவற்றை அளக்கிறோம். ஆண்டில் எத்தனை நாள் அங்கே விளக்கு எரிகிறது என்று பார்ப்பதில்லை.

விதிமீறல்களை அரசு நடத்தும் விதமும் இதையே காட்டுகிறது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளின் பத்திரப்பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அரசு விதி வகுத்தது. பணம் கட்டினால் மனைக்கு மன்னிப்பு உண்டு. தலைமுறைகளாக இருக்கும் குப்பத்து வீட்டின் கூடுதல் அறைக்கு அப்படி ஒரு வாயில் திறக்கவில்லை. வழிகாட்டி மதிப்பும் இப்படித்தான். 2017 ஜூனில் அதை 33 விழுக்காடு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 விழுக்காடாக்கினார்கள். இரண்டு தடவையும் பேசப்பட்டது பதிவுத் துறையின் வருவாய். சாலையும் அரசு விழாவும் கூட்டிய நிலமதிப்பில் ஒரு பங்கு அந்தந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற பேச்சு எழவில்லை.

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2021 நவம்பரில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் சென்று வீட்டுமனைப் பட்டா வழங்கினார். பல பத்தாண்டுகள் காத்திருந்து கிடைத்த பட்டா அது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே பூஞ்சேரியின் நட்சத்திர விடுதியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ஆட்டங்கள் தொடங்கின. சில மாதங்களில் உலகத்தரமான அரங்கம் எழுந்ததைப் பாராட்டலாம். அந்த வேகம் பட்டாவுக்கு வாய்க்காமல் போனது ஏன் என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது வலுவானது. மீனவர்களும் விற்கிறார்கள், கட்டுகிறார்கள், வாடகைக்கு விடுகிறார்கள். ஒத்தவாடைத் தெருவை ஒட்டிய குப்பத்தில் கீழே குடும்பமும் மேலே பயணிகளின் அறையுமாக எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. மீன் குறைந்த காலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த வாடகைதான். இவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது? நான் இதை மறுக்கவில்லை. குப்பத்துக்காரர் சுற்றுலாவில் வாழ்வது அவர் உரிமை. 2019 அறிவிக்கையும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் அமைப்பையும் மாற்றாமல் வீட்டுத் தங்கல் நடத்த உள்ளூர்ச் சமூகங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் பட்டா உறுதியில்லாத இடத்தில் கட்டியவருக்கு வங்கி கடன் தராது, வட்டிக்கு வாங்குகிறார். அனுமதியில்லாத மாடி என்ற பயம் எப்போதும் இருக்கிறது. அந்தப் பயம் தெரிந்த தரகர் குறைந்த விலைக்குக் கேட்கிறார். உரிமை உறுதியற்றவர் விலையேற்றத்தின் முழுப் பலனை ஒருபோதும் அடைவதில்லை. அவரிடமிருந்து வாங்கி அனுமதி பெறுகிறவரே அதை அடைகிறார். வீடு எதுவும் சொந்தமில்லாத கூலிக்காரருக்கும், சாலையோரப் பட்டறையில் கல் செதுக்கும் சிற்பிக்கும் அந்த அரைப்பலனும் இல்லை. 1957இல் சிற்பக் கல்லூரி தொடங்கப்பட்ட ஊர் இது. இதன் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். பட்டறை இருக்கும் இடத்தின் வாடகையைக் காக்காது.

மீனின் விலையும் இக்கணக்கில் சேரும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையில் பயணிகள் குவியும் காலமும் அதுவே. ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனை உணவகங்கள் கரையிலேயே ஏலம் எடுத்துவிட்டால், மீன்பிடி ஊரில் வாழ்பவரே மீன் வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறது.

எனவே விதியைத் தளர்த்து, இறுக்கு என்ற இழுபறியை விட்டு வெளியே வர வேண்டும். கரையின் பொதுவிடங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் வாய்மொழிச் சான்றோடு அளக்கப்பட்டு, கூட்டுப் பயன்பாட்டு உரிமையாகப் பதிவாக வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006இல் காட்டுவாசிகளின் சமூக உரிமையை ஏற்றது. கடலோரத்துக்கு அதற்கு இணையான சட்டம் இந்நாட்டில் இல்லை. தொல்லியல் வட்டத்துக்குள் வாழ்பவர்களின் பழுதுபார்ப்புக்கு உள்ளூரிலேயே காலவரையறையோடு அனுமதி தரும் ஏற்பாடு வேண்டும். நுழைவுக் கட்டணத்திலும் பத்திரப்பதிவு வருவாயிலும் ஒரு பங்கு, வாடகைக்கு வாழ்பவர்களின் வீட்டுவசதிக்கென்று ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இவற்றுள் முதல் வேலைக்கு அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல்லவர் சிற்பங்களின் ஒவ்வோர் உளிக்குறியையும் அளந்து வைத்திருக்கும் நம் ஆய்வுலகம், அவற்றுக்கு அருகே மணலில் நடக்கும் வாழ்க்கையின் எல்லைகளை அதே அக்கறையோடு அளந்ததில்லை. கடலோர மாவட்டங்களின் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் புல வரைபடத்தோடு குப்பங்களுக்குப் போய், படகு நிற்கும் இடத்தையும் வலை காயும் இடத்தையும் அவ்வூர்ப் பெரியவர்களும் மீன் விற்கும் பெண்களும் காட்டக் காட்டப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த கடலோரத் திட்டம் வரையப்படும்போது அப்பதிவு மேசைமேல் இருக்க வேண்டும்.