நிப்

இமாடினிப், ஜெஃபிடினிப், எர்லோடினிப். புற்றுநோய் மாத்திரைகள் பலவற்றின் பெயர் ‘நிப்’ என்றே முடியும். பேனா நிப்புக்கும் இதற்கும் உறவில்லை. தடுப்பான் எனப் பொருள்படும் ‘இன்ஹிபிட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து கிள்ளி எடுத்த துண்டு இது.

எதைத் தடுக்கிறது? நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றில் 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் பிறக்கிறது. ‘பெருகு, பெருகு’ என்று செல்லை ஓயாமல் ஏவுவது அதுதான். அந்தப் புரதத்தில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வந்து உட்காரும் குழியை இமாடினிப் அடைத்துவிடுகிறது. வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்கும் பழைய கீமோதெரபியின் வழி வேறு.

குறிவைத்த மருந்துதான், ஆனால் சாது அல்ல. ஜெஃபிடினிப்பால் முகத்தில் பருப்போல் தடிப்பு, வயிற்றுப்போக்கு வரும். இமாடினிப்பால் கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவருக்குக் கெண்டைக்கால் இழுத்தால் நடைமேல்தான் பழி போடுவோம். இமாடினிப் சாப்பிடுபவருக்கு மாத்திரையும் காரணமாகலாம்.

இமாடினிப்பின் புதிய படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது. மலிவான இந்தியத் தயாரிப்புகளுக்குத் தடை வரவில்லை.

இமாடினிப்பைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். தொந்தரவு வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.