கலர் குடிக்கியளா?

போன மாசி மாசம் சென்னையில தங்கச்சி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூணு மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் "கூல்டிரிங்க்ஸ் எடுக்கட்டா மாமா?" என்று மருமகள் கேட்டாள். "கலர் இருந்தா ஒரு டம்ளர் குடு மக்கா" என்றேன். தரையில் படுத்து படம் வரைந்துகொண்டிருந்த பேத்தி தலையைத் தூக்கி, "எந்தக் கலர் தாத்தா?" என்று கிரேயான் டப்பாவை நீட்டினாள்.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி ரயிலேறி நாகர்கோவில் வந்து இறங்குகிறவரை மண்டைக்குள்ளேயே கிடந்தது.

எங்க பக்கத்துல கலர்னா நிறம் இல்லை, கேட்டியளா. கண்ணாடி பாட்டிலில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ நுரைக்கிற, கடையில் காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கிற இனிப்புத் தண்ணி. நிறம் போடாதது சோடா, நிறம் போட்டது கலர். ருசியின் பெயரை யாரும் கேட்டதில்லை. "செவப்பு ரெண்டு, மஞ்சள் ஒண்ணு" என்றால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். இது நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரிய சொல் இல்லை, நெல்லையிலும் மதுரையிலும் கலர்தான். கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் எல்லாமே சோடா. அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் உண்டு. அங்கே வடகிழக்கில் சோடா என்பார்கள், நடுமேற்கில் பாப் என்பார்கள், தெற்கில் எந்தக் கம்பெனி பாட்டிலானாலும் கோக்.

கலர் வருவதற்கு முன்னால் எங்க வீட்டில் குடித்தவற்றுக்கும் பெயர்கள் இருந்தன. தண்ணிக்கு வெள்ளம். வெள்ளம் குடு என்றால் வெளியூர்க்காரன் பயந்துபோவான். இளநீருக்குக் கருக்கு. உங்க ஊரில் கருக்கு என்றால் பனைமட்டையின் ரம்பப் பல்லாக இருக்கலாம், எங்களுக்கு அது தென்னையிலிருந்து வருவது. இஞ்சியும் மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர் சம்பாரம். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் எலுமிச்சைச் சாறு போஞ்சி ஆகிவிடும், திருவனந்தபுரத்திலும் அதே பெயர்தான். இங்கிலீஷ்காரனின் பஞ்ச் என்ற சொல் இப்படி ஆனது என்று சிலர் சொல்வார்கள். தேர் இழுக்கிறவர்களுக்கு கருப்பட்டி கரைத்த பானகாரம். பனையிலிருந்து இறங்குவது அக்கானி, நீங்கள் பதநீர் என்பது.

இதெல்லாம் காசில்லாமல் கிடைத்தது என்று எழுதத்தான் கை போகிறது. அது மரத்துக்குக் கீழே நின்றவன் கணக்கு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி, காலையிலும் சாயங்காலமும் பனை ஏறிப் பாளை சீவி இறக்கியவருக்கு அது காசில்லாத சமாச்சாரம் இல்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஏறுகிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைக்குத் தளைக்காணம் என்று வரி போட்டிருந்தார்கள். எங்க தாத்தா அக்கானியை ஒரு பட்டை நிறைய வாங்கிக் குடிப்பார். அதைக் கொண்டுவந்தவர் முற்றத்தோடு திரும்பிப் போவார், திண்ணையில் ஏறினதில்லை. அந்தப் பானத்துக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இறக்கினவரை வாசலில் நிறுத்திவிட்டு, அவர் கொண்டுவந்ததை மட்டும் எப்படி விருந்தாளிக்கு முன்னால் தட்டில் வைப்பது?

சோடாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அது யாருடைய மரத்திலிருந்தும் இறங்கவில்லை. வடக்கே அதற்கு விலாயதி பானி என்றே பெயர், அதாவது சீமைத் தண்ணி. கோலி சோடா பாட்டிலைச் செய்தவர் ஹிரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர், 1872ல் காப்புரிமை வாங்கினார். மூடி கிடையாது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயுவோடு தண்ணியை ஏற்றுவார்கள். உள்ளே இருக்கிற அழுத்தமே கோலியைத் தள்ளி வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் ஒட்டவைத்துவிடும். கழுத்தில் ரெண்டு பக்கமும் நெளித்திருப்பது, சாய்த்துக் குடிக்கும்போது கோலி திரும்பி வந்து அடைக்காமல் இருக்க. இங்கிலாந்தில் அந்த பாட்டில் எப்பவோ போய்விட்டது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இன்னும் விற்கிறது, லெமனேட் என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. நமக்கு கோலி சோடாவும் மிஞ்சியது, சோடாபுட்டிக் கண்ணாடி என்ற வசவும் மிஞ்சியது.

விருதுநகரில் 1916ல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் மாதிரி, சோடாவும் கலரும் போடுகிற உள்ளூர் முதலாளிகள் தமிழ்நாடு முழுக்க வந்தார்கள். கோக்கோ கோலா 1977ல் நாட்டை விட்டுப் போனது. அதே வருசம் தம்ஸ் அப் வந்தது. எங்க ஊர்க் கடைக்கு அதெல்லாம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அது வந்த பிறகும் எங்களுக்கு எல்லாம் கலர்தான். "கறுப்புக் கலர்" என்று ஒண்ணு கூடியது, அவ்வளவுதான்.

இனி விலைக்கு வாறேன்.

என் அப்பாவுக்குப் பணம் என்றால் சக்கரம். நாங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்கிறதுக்கு முன்னாலேயே சக்கரக் காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. இருந்தாலும் சாகிறவரை "கையில சக்கரம் இல்லடே" என்றுதான் சொல்லுவார். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. ஆரல்வாய்மொழி தாண்டினால் வேறு நாட்டுக் காசு. அந்தக் காலத்து மனுசனுக்கு வெளியே போனால் தாகமெடுத்தாலும் சக்கரத்தை அவிழ்க்கக் கூடாது என்பது ஒரு விரதம் மாதிரி. சுசீந்திரம் தேருக்கு எங்களைக் கூட்டிப் போகும்போதும் தூக்குவாளியில் சம்பாரம் வரும். கலர்க் கடையைக் கடக்கும்போது மட்டும் அப்பாவின் நடை வேகமாகும்.

வெளியே செலவழிக்காத அப்பா வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கலர் வாங்குவார். அதுதான் அந்தக் காலத்து வழக்கம். "கலர் குடிக்கியளா?" என்று கேட்பதே மரியாதை, வந்தவர் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே குடிப்பது பதில் மரியாதை.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. அஞ்சு பேர் வருவதாகத் தகவல். சைக்கிளில் போய் அஞ்சு கலர் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். கால்வாய்க் கரை இறக்கத்தில் கயிறு தளர்ந்து ஒண்ணு விழுந்து உடைந்தது. கலர் முக்கால் ரூபாய் என்று நினைவு. பாட்டிலுக்கு அபராதம் அதைப்போல மூணு பங்கு. உள்ளே இருக்கிற தண்ணியை விட வெளியே இருக்கிற கண்ணாடிக்கு விலை கூடுதல் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திரும்பிப் போய் வாங்க அப்பாவிடம் சக்கரமும் இல்லை, நேரமும் இல்லை.

நாலு பேருக்குக் கலர் வந்தது. அஞ்சாவதாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு, அப்பா தானே தோட்டத்தில் போய் ஒரு செங்கருக்கு வெட்டி, முகம் சீவிக் கொண்டுவந்து ரெண்டு கையாலும் நீட்டினார். எங்க தோட்டத்திலேயே இனிப்பான மரம் அது. அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். குடிக்கவில்லை. "நமக்கு மரத்துலேர்ந்து போலிருக்கு" என்று சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சம்பந்தம் ஒரு கலரால்தான் போச்சு என்று சொல்லமாட்டேன். ஆனா அவர்கள் பிறகு வரவில்லை. அதற்கப்புறம் அப்பா இருந்த வரை எங்க வீட்டில் விருந்தாளிக்குக் கருக்கு வெட்டியதில்லை. பாட்டில் உடைந்ததற்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவுமில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விலை நிலைத்து நின்றால் பெயரும் நிலைத்துவிடும். அமெரிக்காவில் கோக்கோ கோலா 1886லிருந்து 1959 வரை அஞ்சு சென்ட்டுதான், எழுபது வருசத்துக்கு மேலே. விலை ஏற்ற முடியாமல் மாட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் வேடிக்கையானது. காசு போட்டால் பாட்டில் தருகிற இயந்திரங்கள் அஞ்சு சென்ட் காசை மட்டும்தான் விழுங்கும். ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடிக்கச் சொல்லி அரசாங்கத்திடமே கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1993ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்த அதே கம்பெனி, பத்து வருசம் கழித்து 200 மில்லி பாட்டிலை அஞ்சு ரூபாய்க்குக் கிராமம் கிராமமாக இறக்கியது. எங்க ஊரில் உள்ளூர்க் கலர் கண்ணில் படாமல் போனது அந்த அஞ்சு ரூபாய்க்கு அப்புறம்தான். 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் சொன்னபோது, பொவண்டோவுக்கு நல்ல காலம் வந்தது. எங்க முக்குக் கடையில் அந்த வைராக்கியம் சித்திரை வெயில் வரை தாங்கியது.

இப்போ வெளியே போனால் விலை பாட்டிலில் அச்சடித்திருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. ஓட்டலில் உட்காரவைத்து, பரிமாறி, குளிரூட்டித் தருவதால் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்ணி பாட்டில் வழக்கில் சொல்லிவிட்டது. மருமகள் என்னை ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு டம்ளர் கலருக்குக் கொடுத்த காசில் ஊரில் ஒரு ஆளுக்கு மதியச் சாப்பாடு போடலாம். பாதி ஐஸ். பேத்தி உறிஞ்சி முடித்துவிட்டு ஐஸைக் கடித்தாள்.

கருக்குக்கு அச்சடித்த விலை கிடையாது. போன பங்குனியில் வியாபாரி வந்து எங்க தோட்டத்தில் இருபது ரூபாய் மேனிக்கு வெட்டிக்கொண்டு போனார். மரம் ஏறுகிற கூலி அவருடையது. நான் பேரம் பேசிப் பார்த்தேன், "வேற ஆளைப் பாருங்க அண்ணாச்சி" என்றார். வேற ஆளும் அதே விலைதான் சொல்லுவார்.

ரெண்டு நாள் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில். கலர் குடிக்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் ஒரு கருக்கு கேட்டேன். ஐம்பது ரூபாய். சீவி, துளைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். நல்ல இனிப்பு. எனக்குத் தெரிந்த இனிப்பு மாதிரியும் இருந்தது.

"எந்தத் தோட்டத்துக் கருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"நம்மூர்ச் சரக்கு இல்ல அண்ணாச்சி" என்றார் பெருமையாக. "பொள்ளாச்சி."

சில்லறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.