ஓசூர் சாலையில் வாடகைக் கணினி

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையில் இருக்கும் ஹெப்பகோடியில் கணினியை நம்பிப் பிழைப்பவர்கள் காலையில் இரண்டு திசையாகப் பிரிவார்கள். வடக்கே எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் மென்பொருள் எழுதுகிறவர்கள். தெற்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் அந்த மென்பொருளில் பில் போட்டு, ஸ்டாக் பார்த்து, சம்பளக் கணக்கு முடிக்கிறவர்கள். நான் தெற்கே போகிற ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தேன். பிரஸ் ஷாப், பிளாஸ்டிக் மோல்டிங், கார்மென்ட்ஸ் என்று சின்னதும் நடுத்தரமுமான கம்பெனிகளின் கணினிகளை ஏஎம்சி என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுப் பார்த்துக்கொள்வது என் தொழில்.

இன்று இந்தக் கம்பெனிகளில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் "கிளவுடுக்குப் போயாச்சு" என்பார்கள். கணக்கும் ஆர்டரும் மும்பையிலோ சென்னையிலோ வேறு ஒருவர் கட்டடத்தில் இருக்கும் இயந்திரத்தில் ஓடுகின்றன. மாதம் பிறந்தால் வாடகை போகிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை நேற்று முளைத்த ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்தியக் கம்பெனிகளுக்குள் கணினி முதலில் நுழைந்ததே வாடகைக்குத்தான். சொந்தமாக வாங்கி வைத்த காலம் நடுவில் வந்தது. முந்தைய வாடகைக் காலம் எப்படி முடிந்தது என்று தெரிந்துகொண்டால், இந்த வாடகைக் காலத்தில் எதைக் கைவிடக் கூடாது என்பதும் புரியும்.

அறுபதுகளில் ஐபிஎம் தன் 1401 ரகக் கணினிகளை இங்கே வாடகைக்கு விட்டது. வெளிநாட்டில் ஓடித் திரும்பியவற்றைப் பம்பாயில் செப்பனிட்டு இந்திய ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்த்தியது. இயந்திரம், உதிரிபாகம், பராமரிப்பு, பயிற்சி எல்லாம் ஐபிஎம் கையில். பழைய இயந்திரத்துக்கு இவ்வளவு வாடகையா என்ற குறை அப்போதே எழுந்தது. இருந்தாலும் வாடகைக்கு எடுத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பழுதானால் கோட்டு சூட்டுப் போட்ட பொறியாளர் ஒருவர் வந்து சரிசெய்து விட்டுப் போவார். 1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. ஐபிஎம் இணங்கவில்லை. 1978-ல் நாட்டைவிட்டு வெளியேறியது.

வாடகைக்கு விட்டவர் ஊரைவிட்டே போய்விட்டார். சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் அந்த இயந்திரங்களில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவை நின்றுபோகாமல் காத்தது, அரசு 1975-ல் தொடங்கிய நிறுவனம். சிஎம்சி என்று பின்னாளில் எல்லோரும் அறிந்த பெயர் அதற்கு. ஐபிஎம்மில் வேலை பார்த்து அந்த இயந்திரங்களைத் திருகாணி திருகாணியாக அறிந்த இந்தியப் பொறியாளர்கள் அங்கே சேர்ந்தார்கள். வாடகைக்கு விட்டவர் போனபின்பும் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். என் கட்சி முழுக்க இந்த ஒரு செய்தியில் நிற்கிறது.

அந்த 1978-ம் ஆண்டில்தான் எங்களுக்குப் பக்கத்தில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த ஆர். கே. பாலிகாவின் கனவு அது. 1981-ல் புனேயில் தொடங்கிய இன்ஃபோசிஸ், சொந்தக் கணினி இல்லாமலேதான் தொடங்கியது. மைக்கோ கம்பெனியின் வேலைக்காக 1983-ல் பெங்களூருக்கு வந்தபோதுதான் டேட்டா ஜெனரல் எம்வி 8000 அவர்களுடைய முதல் கணினியாக வந்தது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூரில் ஆபீஸ் திறந்து, செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவோடு இணைத்துக்கொண்டது. 1991-ல் அரசின் மென்பொருள் பூங்கா அமைப்பான எஸ்டிபிஐ வந்தபின் சின்னக் கம்பெனிகளுக்கும் அந்த இணைப்பு வாடகைக்குக் கிடைத்தது. நொடிக்கு 64 கிலோபிட் என்பதே அன்று பெரிய வரம்.

அந்த இணைப்பு வடக்கே போகிறவர்களின் மனத்தை வேறு மாதிரி வளர்த்தது. அவர்கள் வேலை செய்த இயந்திரம் அமெரிக்காவில் ஏதோ ஊரில் இருந்தது. அதைத் தொட்டதில்லை, அதன் சத்தம் கேட்டதில்லை. திரையில் லாகின் கேட்டால் இயந்திரம் இருக்கிறது என்று பொருள். கிளவுட் என்ற சொல் காதில் விழுவதற்குப் பல வருஷம் முன்பே அவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

தெற்கே எங்களுக்குக் கணினி என்றால் ஒரு அறை. ஸ்டோர்ஸ் பக்கத்தில் அலுமினியத் தடுப்பு போட்டு, ஒன்றரை டன் ஏசி மாட்டி, யுபிஎஸ் பேட்டரிகளை வரிசையாக அடுக்கிய சர்வர் ரூம். பிரஸ் அடிக்கும்போது தரை அதிரும். எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும் எப்படியோ உள்ளே வந்துவிடும். சர்வரைத் திறந்து புளோயர் அடித்தால் கறுப்பாக வரும். எலி கேபிளைக் கடிக்கும். கரண்ட் போனால் ஜென்செட் பிடிக்கும் வரை யுபிஎஸ் தாங்க வேண்டும். பெங்களூரிலேயே 1986-ல் பிறந்த டேலியில் கணக்கு ஓடும். ராத்திரி டேப்பில் பேக்கப் எடுத்து, கிழமை எழுதிய லேபிள் ஒட்டி வைப்போம். சனிக்கிழமை டேப் முதலாளியோடு அவர் வீட்டு பீரோவுக்குப் போகும். அந்த டேப்பிலிருந்து கணக்கைத் திரும்ப ஏற்றத் தெரிந்த ஆள் கம்பெனிக்கு ஒருவராவது இருப்பார்.

2006-ல் அமேசான் தன் இயந்திரங்களை ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடத் தொடங்கியது. மார்ச்சில் சேமிப்பு: ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட். ஆகஸ்டில் கணினி: மணிக்கு 10 சென்ட். அன்றைய டாலர் மதிப்பில் மணிக்கு நாலரை ரூபாய்தான். ஆனால் அந்த இயந்திரங்கள் அப்போது அமெரிக்காவில் இருந்தன. பொம்மசந்திரா பக்கம் அதன் சத்தமே எட்டவில்லை. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் புனே, சென்னை, மும்பையில் மையங்களைத் திறந்தது. 2016 ஜூனில் அமேசான் மும்பையில் திறந்தது. கடலடிக் கேபிள்கள் சென்னையிலும் மும்பையிலும் கரையேறுவது இதற்கு ஒரு பெரிய காரணம். கிளவுடுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அது குடியிருக்கும் இடம் பெரும்பாலும் கடற்கரை ஊர்களில் அமைந்தது.

எங்களை அசைத்தது ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-க்குப் பிறகு நெட் இல்லாமல் வரி கட்ட முடியாது. 2018 ஏப்ரலில் சரக்கு ஏற்றிச் செல்ல ஈ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடி ரூபாய் விற்றுமுதல் தாண்டிய கம்பெனிகளெல்லாம் மற்றக் கம்பெனிகளுக்கு ஈ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்றானது. லாரி கேட்டில் நிற்கும்போது சர்வர் படுத்தால் லோடு போகாது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இங்கே பிரஸ் ஷாப் நடத்துபவர், அந்த நாட்களில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, இந்த சர்வர் இன்னும் எத்தனை வருஷம் வரும்?"

"மூணு வருஷம் தாங்கும்ங்கண்ணா."

"அப்புறம் மறுபடியும் நாலஞ்சு லட்சமா? அந்தக் காசுக்கு ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டா அது சம்பாரிச்சுக் குடுக்கும். சர்வர் என்னத்த சம்பாரிக்குது?"

தொழில் செய்கிறவர் கிளவுடைப் பார்க்கும் பார்வை அந்தக் கேள்விக்குள் முழுதாக இருக்கிறது. அவர் முதல் போட விரும்புவது உலோகத்தை வளைக்கும் இயந்திரத்தில். கணக்கு பார்க்கும் இயந்திரம் மாதச் செலவாக இருந்தால் போதும். அவர் சொன்னது சரி. சில மாதங்களில் அவருடைய சர்வர் ரூம் பேக்கிங் அட்டை அடுக்கும் இடமானது.

பொறியாளரின் பார்வை வேறு. எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலித் தம்பி எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார். "முன்னாடி ஒரு சர்வர் வேணும்னா அப்ரூவலுக்கே வாரக்கணக்கா நிக்கணும்ணே. இப்ப டீ ஆறுறதுக்குள்ள பத்து மெஷின் ஏத்திருவேன்" என்பார். அவருக்கு அது வேகம், சுதந்திரம். இறக்க மறந்த இயந்திரங்களும் சேர்ந்து மாதக் கடைசியில் பில் எகிறும்போது, அதைக் குறைக்கவே தனியாகக் கூட்டம் போடுகிறார்களாம். பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்கில் தடம் மாறியிருக்கின்றன. எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் விப்ரோ, 2007-ல் சுமார் 60 கோடி டாலர் கொடுத்து அமெரிக்காவின் இன்ஃபோகிராசிங்கை அதன் டேட்டா சென்டர்களோடு வாங்கியது. 2018-ல் அந்த டேட்டா சென்டர் தொழிலை என்சோனோவுக்கு 40.5 கோடி டாலருக்கு விற்க முடிவு செய்தது. பதினோரு வருஷத்தில் இயந்திரம் வைத்திருப்பது பலம் என்ற எண்ணமே மாறிவிட்டது.

கணினியும் மின்சாரம் போல ஆகிவிடும் என்பது கிளவுடுக்காகப் பேசுகிறவர்களின் முக்கியமான வாதம். 1961-லேயே கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி, எம்ஐடியின் நூற்றாண்டு விழா உரையில், கணினி வேலை தொலைபேசி போல ஒரு பொதுச் சேவையாக அமையலாம் என்றார். இந்த ஒப்புமை எங்கள் மண்ணுக்கு நன்றாகப் பொருந்தும். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி கொடுத்த மின்சாரம், தமிழ்த் தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் இறங்கிய கோலார் தங்கவயலுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியில் போனது. சுரங்கம் தன் நீராவி இயந்திரங்களை நம்பியிருந்த காலம் அதோடு மங்கியது. 1905-ல் பெங்களூர் தெருக்களுக்கும் விளக்கு வந்தது.

அது நடந்து நூற்றிருபது வருஷம் ஆகிறது. இன்றும் நான் போகிற தொழிற்சாலைகளில் ஜென்செட் இல்லாத ஒன்றைக் காட்டுவது கஷ்டம். மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் மேல் பகை இருந்து யாரும் அதை வாங்கவில்லை. மோல்டிங் மெஷினில் பாதி உருகிய பிளாஸ்டிக் இறுகிவிட்டால் என்ன நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள், டீசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மின்சாரம் போலத்தான் கிளவுட் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அதற்கும் ஒரு ஜென்செட் வேண்டும்.

வேண்டிய நாட்கள் வந்திருக்கின்றன. 2017 பிப்ரவரி 28-ல் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஒரு பொறியாளர் தட்டிய கட்டளையில் பிழை நேர்ந்தது. அதை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் மணிக்கணக்கில் நின்றன. அது பழுது. பழுதில்லாமலும் நிற்கலாம். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீது போட்ட தடையில் குஜராத்தின் நயாரா எனர்ஜி சுத்திகரிப்பு நிறுவனமும் சிக்கியது. ரஷ்யாவின் ரோஸ்னெஃப்ட் அதில் பெரிய பங்குதாரர். மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. வாடகை கட்டியிருந்தும், இந்தியச் சட்டத்தை மீறாமல் இருந்தும், ஒரு பெரிய நிறுவனம் தன் கடிதங்களுக்கே வழக்குப் போட வேண்டியிருந்தது. 1978-ஐப் படித்தவர்களுக்கு இது புதிய பாடமாக இருக்காது.

பழைய சர்வர் ரூமுக்குத் திரும்பச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த அறையின் புகையையும் பயத்தையும் அறிந்தவன் நான். இயந்திரம் வாடகைக்கு இருக்கட்டும். கணக்கின் ஒரு பிரதி ராத்திரிதோறும் தொழிற்சாலைக்குள் ஒரு சாதாரணப் பெட்டிக்கு இறங்க வேண்டும். வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய வடிவில் அது இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிரதியிலிருந்து ஒரு பில் போட்டுக் காட்ட வேண்டும். என் கம்பெனிகளில் இதைச் செய்கிறோம். இதற்கு ஆகும் செலவு ஜென்செட் டீசலை விடக் குறைவு.

என் பெரிய கவலை ஆட்களைப் பற்றியது. டேப் போனது, அதைத் திரும்ப ஏற்றத் தெரிந்தவரும் போய்விட்டார். இப்போது கம்பெனிகளில் பாஸ்வேர்டு தெரிந்தவர் இருக்கிறார், கணக்கு எங்கே எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்தவர் இல்லை. 1978-ல் இந்தியா தப்பித்தது கையில் இயந்திரம் இருந்ததால் மட்டும் நடக்கவில்லை. அதைத் திறந்து மூடிய கைகள் இங்கே இருந்ததால் நடந்தது. தருமபுரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு அதனால்தான் முதலில் கிளவுடில் ஏற்றுவதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கிருந்து இறக்கி, இங்கே ஓட வைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அது தெரிந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம்.