கிணற்றடியில் கேட்ட தண்ணீர்

பண்டிதை ரமாபாய் 1907ல் வெளியிட்ட தன் சாட்சியத்தில் ஒரு சின்ன இடம் வருகிறது. சட்டென்று தாண்டிப் போய்விடக்கூடிய இடம்தான். ஆனால் எனக்கு அவர் வாழ்க்கையின் திறவுகோலே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

1883ல் அவர் இங்கிலாந்து போகிறார். வயது 25. சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தா அறிஞர்கள் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்துக் கொண்டாடியவர். ஆனால் அதற்குள் பெற்றோரைப் பஞ்சத்தில் பறிகொடுத்திருந்தார். அண்ணனும் போயாயிற்று. சாதி மீறி மணந்த கணவர் 1882ல் காலராவில் இறந்தார். கையில் ஒரு பெண்குழந்தை. அன்றைய பிராமணக் குடும்பங்களில் விதவைக்குத் துக்கத்தைவிட அவமானம்தான் பெரிய பாரம். புருஷன் செத்ததே இவள் முற்பிறவிப் பாவத்தால் என்பார்கள். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போவார்கள்.

வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அவர்கள் லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் நடத்திய இல்லத்தையும் போய்ப் பார்த்தார். ‘கெட்டுப்போனவள்’ என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம் அது. அங்கே மீண்டு வந்த பெண்களே மற்றவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார்கள். ரமாபாய்க்கு ஒரே ஆச்சரியம். இவர்கள்மேல் உங்களுக்கு ஏன் இத்தனை கரிசனம் என்று ஒரு சகோதரியிடம் கேட்கிறார். அந்தச் சகோதரி யோவான் சுவிசேஷத்திலிருந்து சமாரியப் பெண்ணின் கதையை வாசித்துக் காட்டுகிறார்.

ரமாபாய் அதில் கண்டது, பாவியை இகழாத அன்பை. எனக்கு அந்தக் கதையில் இன்னொன்றும் முக்கியம். ஐந்து புருஷர்களோடு வாழ்ந்தவள், உச்சிவெயிலில் தனியாகக் கிணற்றுக்கு வருகிறாள். இயேசு முதலில் உபதேசம் செய்வதில்லை, மன்னிப்பதுமில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். குற்றத்துக்கு மன்னிப்பு போதும். அவமானத்துக்கு அது போதாது. மன்னிப்பவர் மேலேயும் நாம் கீழேயும்தானே இருப்போம்? நம்மிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்தான் நம்மைச் சமமாக்குகிறார். அதற்குப் பெயர் சிநேகம்.

அதே ஆண்டு செப்டம்பரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். அதற்காகத் திருச்சபைக்குத் தலையாட்டிவிடவில்லை. கீழ்ப்படிதல் இல்லையே என்று வருந்திய சகோதரி ஜெரால்டினோடு கடிதங்களில் விடாமல் வாதிட்டார். தன் மனசாட்சியை எந்தக் குருமாருக்கும் எழுதிக்கொடுக்க அவர் தயாராக இல்லை. சில வருஷங்கள் கழிந்தபிறகே, கிறிஸ்துவின் மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைத்திருக்கவில்லை என்று தன்னைப் பற்றி உணர்ந்ததாக எழுதுகிறார். நண்பனுக்கும் நமக்கும் நடுவில் அதிகாரிகள் எதற்கு என்ற கேள்வியாகவே எனக்கு இவையெல்லாம் தெரிகின்றன.

1889ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் தொடங்கினார். பிறகு அது பூனாவுக்கு மாறியது. 1893ல் மதமாற்றப் புகார் வெடித்தது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. பலர் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தப் புகாரை முழுக்கப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 1896க்குப் பின் பஞ்சம் வந்தபோது, பசித்த பெண்களை ஏய்த்துக் கொண்டுபோகத் தரகர்கள் அலைந்த ஊர்களுக்கு ரமாபாய் நேரில் போனார். நூற்றுக்கணக்கான பெண்களைக் கேட்காவ்ன் முக்தி இல்லத்துக்குக் கூட்டிவந்தார். 1900 வாக்கில் அங்கே ஏறத்தாழ 2000 பேர். ஊர் ‘கெட்டவள்’ என்று தள்ளிய பெண்களுக்கு அங்கேயே ‘கிருபா சதன்’ என்று தனி இல்லம்.

அங்கே யாரும் சும்மா சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நெய்தார்கள், மாடு வளர்த்தார்கள், அச்சுக் கோத்தார்கள். ரமாபாய் தன் கடைசி வருஷங்களில் மராத்தியில் மொழிபெயர்த்த பைபிளை அச்சிட்டது அந்தப் பெண்களின் அச்சகம்தான். எதிரே வந்தாலே தீட்டு, சகுனத்தடை என்று சொல்லப்பட்ட கைகள் அவை. அந்தக் கைகளிடம்தான் ரமாபாய் தண்ணீர் கேட்டார்.