இனிப்பும் செய்தியும்

வங்க மொழியில் ‘சந்தேஷ்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு: ஒன்று செய்தி, மற்றொன்று திரிந்த பாலில் செய்யும் இனிப்புப் பண்டம். 1913-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தாம் தொடங்கிய சிறுவர் சித்திர இதழுக்கு உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி இப்பெயரையே சூட்டினார்.

முன்னர்ச் சிறுவர்க்கென அவர் எழுதிய இராமாயணத்தின் சித்திரங்கள் மரக்கட்டை அச்சில் உருக்குலைந்தன. மனம் நொந்த அவர், 1895-இல் சீமையிலிருந்து கருவிகளை வரவழைத்து, ஹாஃப்டோன் அச்சுமுறையைத் தாமே பயின்று தேர்ந்தார். அதன் பயனாகவே, ‘சந்தேஷ்’ இதழில் கதையும் புதிரும் விஞ்ஞானமும் தெளிவான படங்களோடு கலந்து வெளிவந்தன.

1915-இல் அவர் மறைந்தார். மைந்தர் சுகுமார் ராய், நோய்ப்படுக்கையிலும் பணியைக் கைவிடாது 1923-இல் காலமானார். பின்னர் நின்றுபோன இதழுக்குப் பேரர் சத்யஜித் ராய் 1961-இல் மீண்டும் உயிரூட்டினார்.

குழந்தைதானே என்று மங்கிய படத்தைக் கொடுத்தலாகாது என்னும் உறுதியே மூன்று தலைமுறைப் பணிக்கு வித்தாயிற்று.